சரசு அண்ணி மாட்டிய படங்கள்

1

சென்ற மாதம் என் பள்ளித் தோழி மல்லிகா ஒரு சுற்றுலாக் குழுவோடு மலேசியாவுக்கு வந்திருந்தாள். சிவகாசியில் நானும் அவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். பத்துமலைப் படிகளில் ஏறி இறங்கி, இரட்டைக் கோபுரத்தின் முன்னால் படம் எடுத்து முடித்தபின், குழுவினர் கடைத்தெருவில் இருந்த நேரத்தில் ஒரு வாடகைக் காரைப் பிடித்துக் கிள்ளானில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

காப்பி போட்டுக்கொண்டு வந்தபோது அவள் கூடத்துச் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அங்கே தங்கச் சட்டத்துக்குள் மஞ்சள் பட்டுடுத்திய ஓர் ஆணும் பெண்ணும் நெஞ்சு நிறையப் பதக்கங்களோடு இருந்தார்கள்.

"யாருடி இவங்க? உங்க சம்பந்தி வீட்டுக்காரங்களா?"

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. "இந்த நாட்டு ராஜா ராணிடி."

"ராஜா படத்தையா வீட்ல மாட்டுவாங்க?"

"கடையில, ஆபீஸ்ல எல்லாம் மாட்டுவாங்க. வீட்ல மாட்டினது எங்க அண்ணி."

அவள் பக்கத்தில் இருந்த அண்ணியின் மாலை போட்ட படத்தைப் பார்த்தாள். அதற்கும் பக்கத்தில் சுவரில் ஒரு சதுரம் மட்டும் வெளுப்பாக, அதன் உச்சியில் ஒரு வெறும் ஆணி.

"இதுல என்ன இருந்துச்சு?"

"பாரத மாதா."

"ஏன் எடுத்துட்ட? இந்த ஊர்ல மாட்டக் கூடாதா?"

"தாராளமா மாட்டலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அண்ணிதான் எடுத்தாங்க."

"எதுக்கு?"

அதற்குள் வாசலில் வாடகைக் காரின் ஹாரன் கேட்டது. பேருந்து கிளம்பிவிடும் என்ற பதற்றத்தில் அரைக் காப்பியோடு ஓடிவிட்டாள். வாசலில் நின்று சொல்லிவிடக்கூடிய விஷயமாகவும் அது இல்லை. ஊருக்குப் போய் மறுபடியும் கேட்டிருக்கிறாள். அவளுக்கும், அவளைப் போல அங்கிருந்தபடி எங்களை நினைத்துக்கொள்கிற உங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

2

என் அப்பா சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் மெஷின்மேன். தினசரிக் காலண்டருக்கு மேலே ஒட்டும் படங்கள்தான் அங்கே பிரதான வேலை. முருகன், லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, மசூதி, தலைவர்கள், நடுநடுவே தாமரைக்குளமும் அன்னமும். வண்ணம் விலகி அடித்த தாள்களை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். எங்கள் பாடப் புத்தகங்களுக்கு அவைதான் அட்டை. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் புத்தகங்களுக்கும் பழுப்புத் தாள் அட்டை இருக்கும்போது என் கணக்குப் புத்தகத்தில் மட்டும் பாரத மாதா நிற்பாள். அவள் உதட்டுச் சிவப்பு உதட்டில் இல்லாமல் கன்னத்துக்கு நகர்ந்திருக்கும். கையில் இருக்கும் கொடியின் பச்சை, கொடியை விட்டு வெளியே வழிந்திருக்கும்.

அந்த மாதாவுக்கும் லட்சுமிக்கும் ஒரே முகம் என்பதைக் கண்டுபிடித்து அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன்.

"ஆமா, ஒரே ஆர்ட்டிஸ்ட் வரைஞ்சதுதான். மூஞ்சி அதேதான், கையில இருக்கிறத மாத்திருவாங்க. தாமரை குடுத்தா லட்சுமி, கொடி குடுத்தா இந்தியா" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, வேலை விவரமாகத்தான் சொன்னார்.

வரைபடத்தின் மேல் சிங்கத்தோடு நிற்கும் அந்தப் பெண்தான் எனக்கு நாடு. பள்ளியில் குடிமையியல் வாத்தியார் எத்தனை பக்கம் நடத்தினாலும் 'இந்தியா' என்ற சொல்லைக் கேட்டதும் கன்னத்தில் சிவப்பு ஒழுகிய அந்த முகம்தான் மனதில் வந்து நிற்கும். இன்றைக்கும் அப்படியே வருகிறது.

கல்யாணமாகிக் கிள்ளான் வந்து இறங்கிய அன்று, புகுந்த வீட்டுக் கூடத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அவள்தான். திடுக்கிட்டுப் போனேன். விமானத்தில் இத்தனை தூரம் வந்தபிறகு எனக்கு முன்னாலேயே வந்து சுவரில் நின்றுகொண்டிருந்தாள்.

3

ஆனால் அது எங்கள் ஊர்ப் படம் இல்லை. பழையது. எங்கள் அச்சகத்துக்கும் முந்தியது. தாள் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. மாதாவின் கையில் அறுந்த விலங்கு. காலடியில் இருந்த வரைபடத்தில், இன்று வேறு நாடுகளாகிவிட்ட நிலங்களும் சேர்ந்தே இருந்தன. சேலை முந்தானை காற்றில் பறந்து பர்மாவையும் தாண்டிக் கடலுக்கு மேல் போய் முடிந்திருந்தது.

"அந்த முந்தானை முடியற எடத்துக்குக் கீழதான் நாம இருக்கோம்னு எங்கப்பா சொல்வாரு" என்றார் அண்ணி.

அண்ணி என்றால் என் கணவர் குணாவின் அக்கா சரஸ்வதி. எல்லாருக்கும் சரசு. பெற்றோர் போனபிறகு தம்பியை வளர்த்து, படிக்கவைத்து, எனக்குக் கட்டிவைத்தவர் அவர்தான். தான் கட்டிக்கொள்ளவில்லை. ஒரு தேசியப் பள்ளியின் கேண்டீனில் சமைத்துக்கொண்டிருந்தார். குட்டையான உருவம், உரத்த குரல், நெற்றியில் காசளவு குங்குமம்.

படம் வந்த கதையை அவர்தான் எனக்குச் சொன்னார். குணாவின் தாத்தா கைக்குழந்தையாகக் கப்பலில் இங்கே வந்தவர். தோட்டத்து ரப்பர் மரங்களைத் தவிர எதையும் பார்த்ததில்லை. ஜப்பான்காரன் காலத்தில், இந்தியாவை விடுவிக்கப் போகிறோம் என்று இங்கே படை திரட்டினார்கள். தோட்டத்துக் கூட்டத்தில் இந்தப் படத்தைக் கொடுத்தார்களாம். அதைப் பலகை வீட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு, பெயர் கொடுத்துவிட்டு, ரயிலேறிப் பர்மா எல்லைக்குப் போனார். திரும்பி வரவில்லை. அவருடைய புகைப்படம் என்று ஒன்றுமே இல்லை. அதனால் வீட்டில் படையல் போடும்போது அந்தப் படத்துக்கு முன்னால்தான் இலை போடுவார்கள்.

எனக்கு அது விளங்கவே வெகுநாள் ஆயிற்று. இந்தியாவின் ஞாபகம் கொஞ்சமும் இல்லாத ஒரு மனிதர், ஒரு கலர்த் தாளைப் பார்த்து, அதுதான் தன் நாடு என்று நம்பி உயிரைக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாளை அடித்த மெஷின்மேனுக்கு அது தெரிந்திருக்காது.

வந்த சில மாதங்களில் எனக்கு நிரந்தரவாசி அட்டை வாங்கும் பேச்சு எழுந்தது. அப்போதுதான் அண்ணி தன் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். சிவப்பு அட்டை.

"நீயும் இதத்தான் வாங்கப் போற. நாம ரெண்டு பேரும் செட்டு லா."

இங்கே குடிமக்களுக்கு நீல அடையாள அட்டை, நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு. ஐசி என்பார்கள். குணாவுக்கு நீலம். அண்ணி தோட்டத்து வீட்டில் பிறந்தவர், அப்பா உடனே பதியவில்லை. பல வருஷம் கழித்துப் பதியப் போனபோது காகிதங்கள் போதவில்லை. குணா பிறந்தபோது தோட்டத்து ஆஸ்பத்திரி வந்துவிட்டது. அங்கே இருந்த மிஸ்ஸியே, அதாவது தாதியே, எழுதிப் பதிந்துவிட்டார். ஒரே வயிற்றில் பிறந்த இருவருக்கு இரண்டு நிறம். சில வருஷங்களில் எனக்கும் அட்டை வந்தது. விமானத்தில் வந்த எனக்கும், இந்த ஊர் ரப்பர் மரங்களுக்கு நடுவிலேயே பிறந்த அவருக்கும் ஒரே சிவப்பு.

நான் குடியுரிமை கேட்கவே இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை விட மனம் வரவில்லை. அண்ணிக்கு அது புரியாது.

"கேட்டா குடுப்பாங்க உனக்கு. ஏன் கேக்க மாட்டேங்கற?"

"குடுத்தா அதை விட்டுரணும் அண்ணி."

"ம்..." என்று கொஞ்ச நேரம் அரிசி களைந்தார். "விடறதுக்கு உனக்கு ஒண்ணு இருக்கு. அதையும் பாக்கணும்தான்."

4

ராஜா ராணி படத்துக்கு வருகிறேன். இங்கே மாமன்னர் முறைவைத்து மாறுவார். ஒவ்வொரு மாநிலத்துச் சுல்தானும் தன் முறை வரும்போது ஐந்து வருஷம் அரியணையில் இருப்பார். புதியவர் வந்ததும் கடைகளிலும் அலுவலகங்களிலும் படம் மாறும். அண்ணி அதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலை மாற்றிக்கொண்டு, கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கோலாலம்பூர் சென்ட்ரல் போய் இறங்கி, பிரிக்பீல்ட்ஸுக்கு நடப்பார். அங்கே படங்களுக்குச் சட்டம் போடும் ஒரு கடையில் சாமிப் படங்களுக்கு நடுவே புது ராஜா ராணி வந்திருக்கும். வாழையிலைச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு படச்சுருளோடு திரும்புவார்.

பழைய ராஜாவை அவர் தூக்கிப் போடமாட்டார். அதே சட்டத்தில் பழையவரின் மேல் புதியவரை வைத்து மூடிவிடுவார். இப்போதும் எங்கள் வீட்டுச் சட்டத்துக்குள் ஒருவர் பின் ஒருவராகப் பல ராஜாக்கள் இருக்கிறார்கள்.

என் மகள் தர்ஷினி சின்னவளாக இருந்தபோது பாரத மாதாவைக் காட்டி, "இது யாரு அம்மா?" என்று கேட்டாள்.

"இந்தியா."

"இந்தியா ஒரு ஆன்டியா?" என்று ஆச்சரியப்பட்டாள். பிறகு, "அப்ப மலேசியா?" என்றாள்.

அண்ணி அடுப்படியிலிருந்தே, "நமக்கு ராஜா ராணி ரெண்டு பேரும் இருக்காங்க லா. அவங்களுக்கு ஒரு ஆளுதான்" என்று சத்தம் போட்டார். தர்ஷினி அதைப் பள்ளியில் போய்ச் சொல்லியிருக்கிறாள். டீச்சர் சிரித்தாராம்.

அண்ணி குடியுரிமைக்குப் பலமுறை விண்ணப்பித்தவர். கடைசிக்கு முந்திய முறை நேர்காணலுக்கு அழைப்பு வந்தபோது குணாவுக்குத் துறைமுகத்தில் வேலை. நான் துணைக்குப் போனேன். அண்ணி தலைக்குக் குளித்து, குங்குமத்தைச் சிறிதாக்கிக்கொண்டு வந்தார். "பெரிசா வச்சா கண்ணக் குத்தும்" என்றார்.

மேசைக்கு அந்தப் பக்கம் தலைத்துணி அணிந்த இளம்பெண் அதிகாரி. கடுமையாக எதுவும் பேசவில்லை. என்னையும் உட்காரச் சொன்னார். அண்ணி மலாய் பேசுவார், ஆனால் பாசார் மலாய். கேண்டீனில் பிள்ளைகளோடும் மீன் கடையிலும் பேசிப் பழகியது. எழுத்து தெரியாது. தமிழே தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு முடிந்தது.

அதிகாரி ஒரு தாளை நீட்டி வாசிக்கச் சொன்னார். அண்ணி வாங்கிப் பார்த்துவிட்டு மெல்ல மேசையில் வைத்தார்.

"மாஃப், புவான். தக் பாண்டாய் பாச்சா" என்றார். மன்னிச்சுக்குங்க அம்மா, வாசிக்கத் தெரியாது.

அதிகாரி தலையசைத்துவிட்டு, தன் தலைக்கு மேல் சுவரில் இருந்த மாமன்னரின் படத்தைக் காட்டி, இவருடைய பெயர் என்ன என்று கேட்டார். அது நீண்ட பெயர். பட்டங்களும் தகப்பனார் பெயரும் சேர்ந்து இரண்டு வரிக்கு வரும். படத்தின் கீழே அச்சடித்திருக்கும். அண்ணி அதை எந்நாளும் படித்ததில்லை.

அண்ணி படத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இனி சாயா பூஞா ரூமா அடா, புவான்! ஹாரி-ஹாரி சாயா லாப்."

இவர் எங்கள் வீட்டில் இருக்கிறார் அம்மா, தினமும் நான் துடைக்கிறேன் என்று அர்த்தம். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அதிகாரி என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கியதாகத்தான் முதலில் நினைத்தேன். பிறகு அப்படித் தோன்றவில்லை.

கடைசியாக நாட்டுப்பண் தெரியுமா என்று கேட்டார். அண்ணி சட்டென எழுந்துவிட்டார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பள்ளி சபைகூடலின்போது கேண்டீனில் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, விறைப்பாக நின்று பாடி வந்தவர். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, அந்த உரத்த குரலில் ஆரம்பித்தார். சொற்கள் எல்லாம் காதால் பிடித்தவை. சில இடங்களில் மலாய்ச் சொல் தமிழ்ச் சொல்லைப் போல வளைந்தது. அதிகாரி உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்து நின்றார். நானும் நின்றேன். பக்கத்து மேசையில் தன் மனைவிக்காக வந்திருந்த ஒரு சீனப் பெரியவர் திரும்பிப் பார்த்து, என்ன ஏது என்று புரியாமல், அவரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார்.

பாடி முடித்ததும் அதிகாரி, "பாகுஸ், மக்சீக்" என்றார். நல்லாருக்கு அம்மா.

வெளியே வந்து அண்ணி எனக்குத் தேத்தண்ணி வாங்கிக்கொடுத்தார். "அந்தப் பொண்ணு எந்திரிச்சு நின்னுச்சு பாத்தியா? அது கண்டிப்பா குடுத்துரும் வசந்தா" என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

5

பல மாதங்கள் கழித்துக் கடிதம் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. காரணம் எழுதவில்லை. குணா வாசித்துச் சொன்னார்.

அண்ணி அடுப்படிக்குப் போனார். அன்றைக்கு மீன் குழம்பு வைத்தார். நன்றாகவே வைத்தார். இரண்டு நாள் கழித்து, நான் கடைக்குப் போய் வந்தபோது கூடத்தில் ஏதோ மாறியிருந்தது. சுவரில் வெளுத்த சதுரமும் ஆணியும்.

"அண்ணி, மாதா படம் எங்க?"

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

"வூட்டுக்கு ஆள் அனுப்பிப் பாப்பாங்களாம், கேண்டீன்ல கூட வேலை பாக்கற லட்சுமி சொன்னா. வந்து பாத்தா என்ன நினைப்பாங்க? இந்தம்மா இங்க நிக்கிறதப் பாத்தா, இவங்க மனசு இந்தியாவுலதான் இருக்குன்னு நினைக்க மாட்டாங்களா?"

"அப்படியெல்லாம் யாரும் வரமாட்டாங்க அண்ணி. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்ப எதுக்குலா தரல?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "நீ படிச்சவதானே. சொல்லு. எதுக்குத் தரல?"

காரணம் சொல்லாத கடிதம் அப்படித்தான் செய்கிறது. வாசிக்கிறவர் தாமே ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டு, அதைத் தன் வீட்டுக்குள்ளேயே கண்டுபிடித்துவிடுகிறார்.

குணா வேலை முடிந்து வந்ததும் வெடித்துவிட்டார். அவர் அக்காவிடம் குரலுயர்த்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"அது தாத்தா படம்க்கா! அவர் நெனப்புக்குன்னு நம்மகிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான்."

"தெரியும். அவரு அந்த ஊருக்குப் போயிட்டாரு. நான் இந்த ஊர்ல இருக்கணும்."

எங்கே வைத்தீர்கள் என்று கேட்டதற்கு, கோயில் மரத்தடியில் என்றார். இங்கேயும் நம் ஊரைப் போலத்தான். பழைய சாமிப் படங்களைக் குப்பையில் போட மனம் வராதவர்கள் ஆலமரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். நானும் குணாவும் ஓடினோம். அதற்குள் ஒரு மழை பெய்து முடித்திருந்தது. மூக்குடைந்த பிள்ளையார்களுக்கும் கண்ணாடி விரிசல்விட்ட லட்சுமிகளுக்கும் நடுவே மாதா சாய்ந்து நின்றிருந்தாள். சட்டத்துக்குள் தண்ணீர் இறங்கி, சிவப்பு கரைந்து முகம் முழுக்கப் பரவியிருந்தது. முந்தானை பறந்த கடல் வெறும் நீலத் திட்டாகியிருந்தது.

அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பழைய கணக்குப் புத்தகம் ஞாபகம் வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். குணா சட்டத்தைக் கழற்றி, தாளைத் தன் சட்டைக்குள் வைத்து எடுத்துவந்தார்.

அண்ணி அதை மறுபடி மாட்ட விடவில்லை. "ஐசி வரட்டும், அன்னிக்கே மாட்டிரலாம். நானே சட்டம் போட்டுத் தரேன்" என்றார். இன்னொரு விண்ணப்பம் போட்டார். தாளை உலர்த்தி, துணியில் சுற்றி அலமாரியில் வைத்தோம்.

6

அதற்குப் பதில் வரவே இல்லை. அண்ணிக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. அரசு மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் கவுண்டரில் அட்டையைக் கேட்பார்கள். சிவப்பைப் பார்த்ததும் வேறு கவுண்டரைக் காட்டுவார்கள். அண்ணி எப்போதும் அட்டையைக் கையில் மறைத்து, நிறம் தெரியாமல் நீட்டுவார். பக்கத்தில் நிற்பவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம். நான் என் சிவப்பு அட்டையைச் சாதாரணமாகத்தான் நீட்டுவேன். எனக்கு அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் வந்தவள்.

கடைசியாகச் சேர்த்திருந்தது மெர்டேக்கா, சுதந்திர தினம் வரும் மாதம். வார்டெல்லாம் தோரணம். பள்ளிப் பிள்ளைகள் சிலர் வந்து நோயாளிகளுக்கு ஆளுக்கொரு கைக்கொடி கொடுத்துப் போனார்கள். அண்ணியின் கட்டிலுக்கு வந்த தாதி, கொடியைத் தண்ணீர்ப் புட்டியில் செருகப் போனார்.

அண்ணி மெல்லிய குரலில், "சாயா போலே கா, மிஸ்ஸி?" என்று கேட்டார். நான் வச்சுக்கலாமா?

தாதி ஒரு தமிழ்ப் பெண். கேள்வி புரியாமல் என்னைப் பார்த்து, "ஏன் அக்கா, ஆன்டிக்கு வேணாமா?" என்றார்.

"வேணும்மா. குடுங்க" என்றேன்.

அண்ணி அதை வாங்கி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். ஊசி போட வந்தபோதுதான் கையை விலக்கினார். அந்த வாரமே போய்விட்டார்.

காரியத்துக்குப் படம் வேண்டியிருந்தது. அண்ணிக்கென்று நல்ல புகைப்படம் எதுவும் இல்லை. எல்லாக் கூட்டத்திலும் பரிமாறிக்கொண்டே இருப்பார், முதுகுதான் தெரியும். இருந்ததெல்லாம் விண்ணப்பங்களுக்காக எடுத்து மிஞ்சிய பாஸ்போர்ட் அளவுப் படங்கள். ஒவ்வொன்றிலும் அவர் கொஞ்சம் வயதாகி, குங்குமம் கொஞ்சம் சிறிதாகி இருந்தார். குங்குமம் பெரிதாக இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போனோம்.

அவர் ராஜா படம் வாங்கும் அதே கடை. கடைக்காரர் கணினியில் முகத்தைப் பெரிதாக்கினார். "பின்னாடி என்ன வேணும் அண்ணே? கோபுரம் இருக்கு, மேகம் இருக்கு, பூந்தோட்டம் இருக்கு. எல்லாரும் மேகம்தான் கேப்பாங்க."

குணா யோசிக்கவில்லை. "ஒண்ணும் வேணாம். நீலம் போடுங்க."

"வெறும் நீலமா? வானமா?"

"வெறும் நீலம்" என்றார் குணா. கடைக்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை.

அண்ணி ராஜா ராணிக்குப் பக்கத்தில் போனார். வெற்று ஆணியில் மாதாவைத் திரும்ப மாட்டலாமா என்று குணாவிடம் கேட்டேன். "அக்கா இறக்கினது. ஐசி வந்தாத்தான் மாட்டணும்னு சொல்லிச்சு. வரலையே" என்றார்.

7

தர்ஷினி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். படிப்பு முடிந்ததும் போனவள். தமிழ் புரியும், பேசுவாள், ஆனால் கோபம் வந்தால் ஆங்கிலம்தான். அத்தையின் முதலாண்டுத் திதிக்கு வந்திருந்தாள். படையல் முடிந்து சாப்பிட்டு உட்கார்ந்தபோது, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து எங்கள் முன்னால் தரையில் அமர்ந்தாள்.

"அம்மா, அப்பா, ஒண்ணு சொல்லணும். அங்க சிட்டிசன்ஷிப் அப்ரூவ் ஆயிருச்சு."

குணா அவளையே பார்த்தார். "அப்ப இது?"

"இத சரண்டர் பண்ணணும் ப்பா. ரெண்டும் வச்சுக்க முடியாது."

"நீல ஐசிய?"

"ஆமா."

அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். பையன் அந்த ஊர். வீடு வாங்குவது, பிறக்கப்போகும் பிள்ளையின் பள்ளி, எல்லாவற்றையும் கணக்கிட்டு வைத்திருந்தாள். ஒன்றிலும் தப்பு சொல்ல முடியாது.

"அத்தைக்கு என்னன்னு பதில் சொல்லுவ?" என்று குணா கேட்டார். கேட்டதும் அவரே வருத்தப்பட்டார் என்று முகத்தில் தெரிந்தது.

தர்ஷினி அழ ஆரம்பித்தாள். "தட்ஸ் நாட் ஃபேர் ப்பா. அத்தை கேட்டாங்க, குடுக்கல. நான் கேக்கவே இல்ல, எனக்கு இருந்துச்சு. இது என் தப்பா? நான் இத வச்சிருந்தா அத்தைக்குக் கிடைச்சிருமா?"

"இல்லம்மா" என்றேன். "கிடைக்காது."

"அம்மா, நீங்களும் ஊர விட்டு வந்தவங்கதானே. உங்களுக்குப் புரியும்லா?"

எனக்குப் புரிந்தது. ஆனால் நான் வந்தவள்தான், விட்டவள் இல்லை. என் பாஸ்போர்ட் இன்னும் அலமாரியில் இருக்கிறது. கரைந்த மாதாவும் அங்கேதான் இருக்கிறாள். நம் ஊரில் அடித்த அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, நாடு என்றால் ஒரு முகம். அண்ணிக்கும் அப்படித்தான், அவர் தாத்தாவுக்கும் அப்படித்தான். தர்ஷினிக்கு அப்படி ஒரு முகம் மனதில் இல்லை. அவளுக்கு நாடு என்பது வீடு, வேலை, பள்ளி, பேருந்து நேரத்துக்கு வருவது. அவள் எங்களை விடத் தெளிவானவள் என்று நினைக்கிறேன். அந்தத் தெளிவைப் பார்க்கும்போது எனக்கு ஏன் இவ்வளவு துக்கமாக இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

குணா எழுந்து போய் அவள் தலையைத் தடவினார். "போம்மா. நல்லா இரு. அக்கா இருந்தா திட்டும். திட்டிட்டு, உனக்கு நெத்திலி சம்பல் கட்டிக் குடுக்கும்."

அவள் புது ஊர்க்காரியாகி முதன்முறை வந்தது போன வாரம். எல்லையில் இருக்கும் ஜொகூர்ச் சாவடி வழியாகப் பேருந்தில் வந்தாள். கிள்ளான் வந்து சேரும்வரை கூப்பிடமாட்டாள் என்று நினைத்திருந்த நேரத்தில், சாவடியைத் தாண்டியதுமே தொலைபேசி அடித்தது. அவள் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"என்னம்மா? ஏதாவது பிரச்சனையா?"

"இல்லம்மா. வெளிநாட்டுக்காரங்க லைன்ல நின்னேன். எப்பவும் மலேசியாக்காரங்க லைன்லதானே நிப்பேன், மொதல்ல கால் தன்னால அங்க போயிருச்சு. பாஸ்போர்ட்டப் பாத்துட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க."

"அப்புறம்?"

"ஆபீசர் ரொம்ப நல்ல மனுஷன்மா. பாஸ்போர்ட்ல சாப் அடிச்சுக் குடுத்துட்டு, என்னப் பாத்துச் சிரிச்சு, 'செலாமட் டாத்தாங் கே மலேசியா'ன்னாரு."

மலேசியாவுக்கு நல்வரவு. கிள்ளானில் பிறந்த என் பிள்ளைக்கு.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

அழுகையை விழுங்கிக்கொண்டு சொன்னாள்:

"தேங்க்ஸ்தான்மா. தெரிமா காசேன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?"